குசினித் தமிழ்

செவந்தாம்பட்டிக்கு லூயி சாமியார் வந்து சேர்ந்த அன்று மாட்டுவண்டியிலிருந்து முதலில் இறங்கியது அவருடைய மூக்கு. அடுத்து தாடி இறங்கியது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி முடித்த பிறகுதான் மீதிச் சாமியார் இறங்கினார் என்று தெற்குத்தெருவில் சத்தியம் செய்து சொல்வார்கள். வருஷம் 1951. ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிளைப் பங்கான செவந்தாம்பட்டிக்கு வந்த கடைசி வெள்ளைக்காரச் சாமியார் அவர்தான்.

பிரெஞ்சு தேசத்திலிருந்து வரும் கப்பலிலேயே தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் அவர் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. முதல் நாள் தாகமெடுத்தபோது 'ஔ' வரைக்கும் சொல்லிப் பார்த்தார். யாரும் தண்ணீர் தரவில்லை.

கடைசியில் தந்தவன் குழந்தைசாமி. தெற்குத்தெருக்காரன். சாமியார் பங்களாவின் சமையற்கட்டுக்குக் குசினி என்று பெயர். அந்தக் குசினியில் மூன்று சாமியார்களுக்கு வடித்துக் கொட்டியவன். வெள்ளைக்காரச் சாமியார் மாட்டுக்கறி தின்பார், மேலத்தெருவில் யாரும் அதைத் தொட்டுச் சமைக்கமாட்டார்கள் என்பதால் அந்த வேலை காலங்காலமாகத் தெற்குத்தெருவுக்கே வாய்த்திருந்தது. கோயிலுக்குள் மேலத்தெரு நடுவிலும் தெற்குத்தெரு தென்புறத்து மரக்கிராதிக்கு அப்பாலும் உட்காரும். சாமியாரின் வயிற்றுக்கு மட்டும் அந்தக் கிராதி கிடையாது.

"இது?" என்று சாமியார் அகப்பையைக் காட்டுவார்.

"ஆப்பை, சாமி."

"இது?"

"ஒலமூடி சாமி, ஒலப்பானைய மூடுறது."

"நான், இப்போது, என்ன?" என்று வயிற்றைத் தடவுவார்.

"பசிக்குதுன்னு சொல்லுங்க சாமி. வவுறு காயுதுன்னும் சொல்லலாம். ரொம்பக் காஞ்சா, கொடலு கத்துதுன்னு சொல்லணும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆறே மாதத்தில் சாமியார் அடுப்பை ஊதுவார், வெங்காயம் உரிப்பார், காக்காயை வைவார், எல்லாம் தெற்குத்தெருத் தமிழில். ஒரே ஒரு கோளாறு. 'ட' அவர் வாயில் நிற்காது. வழுக்கி 'த' ஆகிவிடும். 'ர' தொண்டைக்குள் போய்க் கொப்பளித்துக்கொண்டு வரும். "கொழந்தசாமி, ஆத்துக் கறி வாங்குனியா?" என்பார். ஆட்டுக்கறியைத்தான் கேட்கிறார் என்று தெரிய குழந்தைசாமிக்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை ஆற்று மீனுக்குப் பதிலாகக் குளத்து மீனாக வாங்கி வந்தான்.

வீட்டுக்குப் போனதும் இதையெல்லாம் அவன் பெண்டாட்டி ஆரோக்கியம்மாளிடம் செய்து காட்டுவான். அவளுக்கு நெஞ்சுச் சளி. இரண்டு வருஷமாக இருமல். பிள்ளைகுட்டி இல்லை. அவள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருக்க, இவன் கழுத்தை நீட்டி, இல்லாத தாடியை உருவி, தொண்டையில் கொப்பளித்து, "ஆத்தா, கத்தில்ல பதுத்திருக்கியா?" என்பான். கட்டில் ஆடுகிற ஆட்டத்தில் கூரையில் இருந்து ஓணான் விழும். சிரிப்பு இருமலாகும், இருமல் மறுபடியும் சிரிப்பாகும். அவள் அப்போது முப்பது தாண்டாதவள். சிரித்தால் பதினாறு.

பங்களா வேலை அவர்களுக்குச் சோறு மட்டுமல்ல. சாமியார் தினமும் இரண்டு முட்டை கொடுத்தனுப்புவார். எலும்புச் சூப்பு கொடுத்தனுப்புவார். மாதம் ஒரு தரம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவார். அந்தக் குசினி அடுப்பு எரிகிறவரைதான் ஆரோக்கியம்மாளின் மூச்சு என்பது குழந்தைசாமிக்குத் தெரியும்.

ஏழாவது மாதம் சாமியார் முதன்முதலாகத் தமிழில் பிரசங்கம் வைத்தார். அதுவரை ஞானப்பாடம் நடத்தும் உபதேசியார் எழுதிக் கொடுத்ததை வாசித்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குக் காகிதத்தை மடித்து அங்கிக்குள் வைத்தார். ஊதாரிப் பிள்ளையின் கதை.

"ஒரு ஊருல ஒரு கெழவன்," என்று தொடங்கினார். "அவனுக்கு ரெந்து பய. சின்னப் பய இருக்கானே, அவன் சொத்தப் பிரிச்சு வாங்கிக்கித்து ஓதிப் போனான். எல்லாத்தையும் தின்னு தீத்தான். பெறகு வவுறு காஞ்சுச்சு. கொதலு கத்துச்சு. பன்னித் தவுதாச்சும் கெதைக்குமான்னு பாத்தான். அதுவும் இல்ல."

மேலத்தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிராதிக்கு அப்பால் ஒரு சலசலப்பு. அவர்கள் பிரசங்க நேரத்தில் தூங்கிப் பழகியவர்கள். பரம்பரை பரம்பரையாகத் தூங்கியவர்கள். நூறு வருஷத்துத் தூக்கம் அன்றைக்குக் கலைந்தது.

"சரி, அப்பன்கித்தயே போவோம், வெரத்துனா வெரத்தத்தும்னு வந்தான். அந்தக் கெழவன் இருக்கானே, வாசல்லயே நின்னுக்கித்து இருந்தான். பாத்தான். ஓதியாந்தான். வெய்யல்ல, செருப்பில்லாம ஓதியாந்து புதிச்சுக்கித்து என்ன கேத்தான் தெரியுமா?"

"என்ன கேட்டான் சாமி?" என்று கிராதிக்கு அப்பாலிருந்து ஒரு கிழவி கோயிலென்றும் பாராமல் கேட்டுவிட்டாள்.

"வந்துத்தியா? சாப்புத்தியா? அம்புத்துதான் கேத்தான். எங்க போனே, என்ன செஞ்சே, சொத்து எங்கேன்னு ஒண்ணும் கேக்கல. சாப்புத்தியா?"

தெற்குத்தெரு அழுதது. அழுத கண்ணீரில் கிராதிக்கு இந்தப்பக்கம் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. புறாக்கள் மணிக்கூண்டைவிட்டுத் திருச்சி வரை பறந்தன என்பார்கள். கீரனூர் வரை பறந்தது நிச்சயம். ஆரோக்கியம்மாளை அன்று நான்கு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அவள் அழவில்லை. வாயைத் திறந்தபடி சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஏய்யா, எங்க ஆத்தாளப் பொதைக்கையில ஒரு சாமியாரு என்னமோ படிச்சாரு. ஒண்ணும் வெளங்கல. ஆத்தா மோச்சத்துக்குப் போனாளா, நரகத்துக்குப் போனாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் போறப்ப இந்தச் சாமி இதச் சொல்லணும்."

"எத?"

"ஆண்டவரு வாசல்ல நின்னு, வந்துட்டியா ஆத்தா, சாப்புட்டியான்னு கேப்பாருன்னு. அம்புட்டுப் போதும். நீ சொல்லி வைக்கணும்."

"நீ எங்கிட்டுப் போறே? கெழவியாகி என்னயப் பொதச்சிட்டுத்தான் போவே."

"சத்தியம் பண்ணு."

பண்ணினான். அதுவும் சாமியார் குரலிலேயே, தொண்டையில் கொப்பளித்து, மாதா மேல் சத்தியம் என்றான். அவள் சிரித்து, இருமி, தண்ணீர் குடித்தாள்.

மேலத்தெரு சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே நாட்டாமை நல்லதம்பி வீட்டில் கூட்டம். "சாமியாரு சேரிப் பேச்சுப் பேசுறாரு. நம்ம பொம்பளப் பிள்ளைக காதுல இதெல்லாம் விழலாமா?" "ஆண்டவரக் கெழவன்னு சொல்றாரே!" "நாளைக்கு மாதாவ என்னன்னு சொல்லுவாரு?" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆயர் இல்லத்துக்கு மனு போனது. ஐம்பத்திரண்டு கையெழுத்து. அதில் செத்துப்போனவர்கள் எட்டுப் பேர், அவ்வளவு அவசரம்.

பதில் வந்தது: சாமியார் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் முறையாகப் பாடம் கேட்க வேண்டியது. இலுப்பூரிலிருந்து ரெங்கசாமிப் பண்டிதர் சைக்கிளில் வந்து இறங்கினார். நெற்றியில் நாமம், கைப்பையில் இலக்கணம். பங்களாவில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சொல்லிக்கொடுப்பதில் மட்டும் சூரர். 'ட'வுக்கென்றே நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். சாமியாரின் நாக்கின் கீழ் கூழாங்கல்லை வைத்து, "வட்டம், கட்டம், பட்டம்" என்று சொல்லச் சொல்லி, அவர் இரண்டு கல்லை விழுங்கியதும், மூன்றாவது கல்லில் 'ட' வந்துவிட்டதும் ஊருக்கே தெரியும்.

அந்த வாரம் நாட்டாமை குசினிக்குப் பின்பக்கமாக வந்து நின்றார். உள்ளே வரமாட்டார்; கறி வாசனை.

"ஏலே கொழந்த."

"ஐயா."

"சாமியாரு நல்ல தமிழு படிக்கிறாரு. நீ ஒன் வாயத் தெறந்தே, எல்லாம் கெட்டுப்போகும். இனிமே அவருகிட்டப் பேசக் கூடாது. கேட்டாத் தலைய ஆட்டு. இல்ல, வேற சமையக்காரன் பாக்குறோம். திருச்சியில பட்லரு நெறையாக் கெடைக்கிறான்."

குழந்தைசாமி தலையை ஆட்டினான். அன்றைக்கே பழகிக்கொண்டான். முட்டை இரண்டு, எலும்புச் சூப்பு, மாதம் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. எண்ணிப் பார்க்க அவனுக்கு வேறொன்றும் இல்லை.

சாமியார் முதலில் திகைத்தார். "ஏன் பேச மாட்டேங்கிற?" என்று கேட்டார். தலையாட்டல். "கோவமா?" தலையாட்டல். பத்து நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அவர் தேசத்தில் வாழ்நாள் முழுக்கப் பேசாமலிருக்கும் சந்நியாசிகள் உண்டாம். தன் சமையல்காரன் சர்வேசுரனுக்காக மௌன விரதம் எடுத்துவிட்டான் என்று நினைத்து, அவனைப் பார்க்கும்போதெல்லாம் தலைகுனிந்து வணங்க ஆரம்பித்தார். உப்புப் போதவில்லை என்று சொல்லக்கூடத் தயங்கினார். உப்பில்லாக் குழம்பை ஒன்றரை வருஷம் தின்ற ஒரே வெள்ளைக்காரர் இந்த ஜில்லாவில் அவராகத்தான் இருப்பார்.

வீட்டில் மட்டும் குழந்தைசாமி பேசினான். பங்களாவில் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் சாயங்காலம் கட்டிலடியில் கொட்டினான். "ஏய்யா, சாமியாரு மாதிரி பேசிக் காட்டு," என்பாள் ஆரோக்கியம்மாள். சாமியார் இப்போது அப்படிப் பேசுவதில்லை என்று இவன் சொல்லவில்லை. பழைய சாமியாரையே பேசிக் காட்டினான். அவளால் இப்போது கோயிலுக்கு வர முடியாது. அவளுக்கு லூயி சாமியார் இன்னும் 'ட' வராதவர்தான்.

இரண்டாம் வருஷம் நாட்டாமையின் தாயார் சந்தியாகம்மாள் செத்தாள். சாமியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டமான சிமித்தேரிக்குப் போனவன் குழந்தைசாமி. செவந்தாம்பட்டிச் சிமித்தேரிக்கு நடுவே ஒரு மதில் உண்டு. செத்தவர்கள் எழுந்து அடுத்த தெருப் பக்கம் நடந்துவிடுவார்கள் என்ற பயம்போல. மேலத்தெருப் பக்கத்தில் நின்று சாமியார் பேசினார். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. சொல் சொல்லாகப் பட்டுச்சேலை விரிகிற மாதிரி இருந்தது. குழந்தைசாமிக்குக் காலே அரைக்கால்தான் விளங்கியது. ஆனால் மேலத்தெரு அழுத அழுகையைப் பார்த்தான். நாட்டாமை துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். செத்த கிழவி ஊருக்கே எதிரி. அவளைக்கூட அந்தப் பேச்சு ராணியாக்கிவிட்டது.

அடேயப்பா, என்று நினைத்தான் குழந்தைசாமி. நம்ம சனத்துல ஒருத்திக்காச்சும் இப்பிடி ஒரு பேச்சு கெடைச்சிருக்குமா?

ஐம்பத்து மூன்று, ஆடி மாதம். காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு விடிகாலையில் ஆரோக்கியம்மாள் போய்விட்டாள். முந்தைய நாள் சாயங்காலம்தான் சாமியார் அவளுக்கு எண்ணெய் பூசி ஜெபித்துப் போயிருந்தார். லத்தீன் ஜெபம். அவள் கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்து, "சொல்லிட்டியா?" என்றாள். "சொல்லிட்டேன்," என்றான். சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? தலையாட்டிச் சொல்கிற விஷயமா அது?

அவளைப் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவன் பங்களாவுக்கு நடந்தான். சேதி சொல்ல ஆள் போயிருந்தது. இவன் கால் தானாகப் போனது. குசினி வாசலில் சாமியார் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. முன்பக்கத்துக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குழந்தைசாமி, உன் மனைவிக்காக நான் எந்த மொழியில் பேச வேண்டும்? நீ எனக்குக் கற்பித்ததிலா, இப்போது நான் கற்றிருப்பதிலா? பழையதை நான் மறக்கவில்லை. நீ சொல். விரதத்தை இன்று ஒரு நாள் விடு."

அவன் நின்றான். சத்தியம் நினைவில் இல்லாமல் இல்லை. வந்துட்டியா, சாப்புட்டியா என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதே நேரத்தில் அந்தப் பட்டுச்சேலையும் கண்முன் விரிந்தது. முப்பது வயதிலேயே வற்றிப்போனவள். கல்யாணத்துக்குக்கூடப் பட்டுக் கட்டாதவள். அவளை ஒரு தரம், ஒரே ஒரு தரம், ராணியாக்கினால் என்ன? நாட்டாமை காதிலும் விழட்டுமே. ஆப்பைக்காரன் பெண்டாட்டிக்கும் அந்தத் தமிழ் உண்டு என்று ஊர் தெரிந்துகொள்ளட்டுமே.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் குசினியில் அவன் வாய் திறந்தது.

"சந்தியாகம்மா ஆத்தாளுக்குச் சொன்னீங்களே சாமி. அதே தமிழு. ஒரு சொல்லு கொறையக் கூடாது."

சாமியார் குறைக்கவில்லை. நேசத்தில் கூட்டியே கொடுத்தார். மதிலுக்குத் தென்புறம், குழி வெட்டிய மண் மேட்டில் நின்று, புழுதிக் காற்றில் அங்கி படபடக்க, பண்டிதரே கேட்டால் கை தட்டியிருப்பார், அப்படிப் பேசினார்.

"பொறுமை எனும் ஆபரணம் பூண்டு, இல்லறச் சோலையில் வாடா மலராய் விளங்கிய இம்மாதரசி, இகலோக பந்தங்களைக் களைந்து, பரலோக சாம்ராச்சியத்தின் நித்திய பேரின்பத்தில் பிரவேசித்தனள்..."

'ட' ஒவ்வொன்றும் உளியால் செதுக்கியது போல விழுந்தது. தெற்குத்தெரு கேட்டுக்கொண்டு நின்றது. எந்த இடத்தில் அழுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் ஆரம்பித்தால் தொடரலாம் என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்குக் கோயிலில் குறுக்கே கேள்வி கேட்ட கிழவி, குந்திய இடத்திலேயே தலை தொங்கித் தூங்க ஆரம்பித்தாள். பழைய தூக்கம்.

குழந்தைசாமி பட்டுச்சேலைக்காகக் காத்திருந்தான். விரிந்தது. விரிந்து யார் மேலோ போய் விழுந்தது. குழிக்குள் இருந்தவள் மேல் விழவில்லை. அங்கே கோரைப்பாய்தான் கிடந்தது.

ஆரோக்கியம்மாளின் தங்கை காத்தாயி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"மச்சான், சாமி யாரப் பத்திப் பேசுறாரு? மாதரசின்னா யாரு? அக்கா பேரு வரவே இல்லையே."

"அக்காவத்தான் சொல்றாரு."

"அப்ப அக்கா மோச்சத்துக்குப் போயிட்டாளா, இல்லையா? கேட்டுச் சொல்லுங்க மச்சான்."

மதிலுக்கு அந்தப்பக்கம், சாமியாருக்கு மரியாதையாக வந்திருந்த நாட்டாமை, கூட நின்றவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "எப்பேர்ப்பட்ட தமிழு! பாவம், இங்க கொண்டாந்து கொட்டிட்டாரு."

மண் தள்ளும் சத்தம் மட்டும்தான் அங்கே எல்லாருக்கும் விளங்கியது. அப்போதுதான் அழுதார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாமியார் குசினிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முன்கூடத்தில் நாட்டாமையும் பண்டிதரும் காத்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கு வாழ்த்துப் பாட்டு எழுதும் விஷயம். குழந்தைசாமி அகப்பையைக் கீழே வைத்தான்.

"சாமி," என்றான். சாமியார் திடுக்கிட்டார்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். விரதம் கிரதம் ஒன்றும் இல்லை, பயம் என்றான். சுவரோரம் சாய்ந்து கேட்டவள் என்ன கேட்டாள், மாதா மேல் எந்தக் குரலில் சத்தியம் செய்தான், எந்த ஆசையில் வாய் தவறினான் எல்லாம். "அவளுக்குப் பட்டுக் கட்டிப் பாக்கணும்னு நெனச்சேன் சாமி. அவ கேட்டது சோறு."

சாமியாரின் தாடி நனைந்தது.

"இப்பச் சொல்லுங்க சாமி. ஒரு தரம். அவளுக்குச் சொல்ற மாதிரி."

சாமியார் எழுந்தார். முன்கூடத்துக் கதவைப் பார்த்தார். போய் அதைச் சாத்தினார். திரும்பி வந்து, அவன் காதருகே குனிந்து, கிசுகிசுத்தார்.

"வந்துட்டியா ஆத்தா? சாப்புட்டியா?"

சொல் சரி. குரல் சரி. 'ட' இரண்டும் அப்பழுக்கில்லாமல், வட்டமாக, கூழாங்கல் மாதிரி வந்து விழுந்தன. குழந்தைசாமி அவர் வாயையே பார்த்தான். அவள் கேட்டது இந்த வாயை இல்லை.

"சத்தமாச் சொல்லுங்க சாமி. அவளுக்கு அங்கிட்டுக் கேக்கணும்."

முன்கூடத்தில் பண்டிதர் செருமினார். சாமியார் தலையை ஆட்டினார், ஆம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல். அந்தத் தலையாட்டலை அவனிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

"சோறு ஆறுது சாமி," என்றான் குழந்தைசாமி. பரிமாறினான். உப்புச் சரியாக இருந்தது.

வெயில் சாயும் முன் சிமித்தேரிக்குப் போனான். மதிலுக்குத் தென்புறம் மண் இன்னும் அமுங்கவில்லை. அந்தப்பக்கம் நாட்டாமையின் ஆட்கள் இரண்டு பேர் கிழவியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் அவன் கழுத்தை நீட்டினான். இல்லாத தாடியை உருவிக்கொண்டான். தொண்டைக்குள் கொப்பளித்தான்.

"வந்துத்தியா ஆத்தா?" என்று கத்தினான். "சாப்புத்தியா?"

சுண்ணாம்பு அடித்தவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். குழந்தைசாமி சற்றுக் குனிந்து, மண்ணுக்குள்ளிருந்து சிரிப்போ இருமலோ வருகிறதா என்று காது கொடுத்தான். பிறகு இன்னும் கொஞ்சம் கோணலாக்கி, இன்னொரு தரம் கத்தினான்.